கடலோரப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு: உடம்பு அசைவதையும் ஒரு பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்

தொண்டி முதல் மூக்கையூர் வரை, இராமநாதபுரம் மாவட்டக் கடலோர மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பதினோராம் வகுப்பில் வாரத்துக்கு ஒரு பி.டி. பீரியடை உடற்பயிற்சி அறிவியலுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பிள்ளைகள் விளையாடும் நேரத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. ரிவிஷன் என்ற பெயரில் கணக்குக்கும் வேதியியலுக்கும் போய்விடும் பீரியடுகளில் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்கிறோம். உடற்கல்வியிலும் பிசியோதெரபியிலும் பயிற்சி உடலியங்கியலிலும் வேலை பார்ப்பவர்கள் நாங்கள். பிளஸ் டூ வழிகாட்டிக் கூட்டங்களில் இந்தத் துறையைப் பற்றி யாராவது பேசினால், "போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் இதில் நிறைய இருக்கிறது.

துறையின் கேள்வி எளியது. உடம்பு எப்படி அசைகிறது, அசைவதால் அதற்குள் என்ன மாறுகிறது? எலும்பும் மூட்டும் தசையும் விசையைக் கடத்தும் விதத்தைப் பார்ப்பது உயிர் இயக்கவியல். உழைப்புக்கு இதயமும் நுரையீரலும் தசையும் ஈடுகொடுக்கும் விதத்தைப் பார்ப்பது பயிற்சி உடலியங்கியல். மூளையும் நரம்பும் ஓர் அசைவைப் பழகிக்கொள்வதைப் பார்ப்பது இயக்கக் கற்றல். விளையாட்டு உளவியல், உணவு, காயத்துக்குப் பிந்தைய மீட்பு, வேலையிடத்தை உடம்புக்குத் தகுந்தாற்போல் அமைக்கும் பணிச்சூழலியல் எல்லாம் இவற்றை ஒட்டி வருபவை. வேறு ஊர்களில் இதைப் படம் போட்டு விளக்க வேண்டும். நமக்குப் பாம்பன் மீன் இறங்குதளத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும்.

அங்கே ஒருவர் மீனும் ஐஸுமாக 25 கிலோ பெட்டியைத் தரையிலிருந்து தூக்குகிறார் என்று வையுங்கள். பெட்டியின் நடு, இடுப்புக்கு நேரே முதுகெலும்பில் இருக்கும் பூட்டிலிருந்து 50 செ.மீ. முன்னால் இருக்கிறது. முதுகை நிமிர்த்தும் தசைகளோ அந்தப் பூட்டிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. பின்னால்தான் இழுக்கின்றன. 25-ஐ 50-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 250. பெட்டிக்காக மட்டும் முதுகுத் தசை 250 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தர வேண்டும். குனிந்திருக்கும் மேல்உடம்பின் எடையை இன்னும் சேர்க்கவில்லை. அதே பெட்டியை 25 செ.மீ. தூரத்துக்கு இழுத்து அணைத்துக்கொண்டால் 125 ஆகிவிடுகிறது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் வரும் திருப்பு விசைதான் இது, வேறொன்றும் இல்லை. கரும்பலகையில் கதவையும் கீலையும் வரைவதற்குப் பதில் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள், அந்தப் பாடம் மறக்காது.

"முட்டியை மடக்கித் தூக்கு" என்ற அறிவுரையை எல்லாரும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. பெட்டி அகலமாக இருந்து இரண்டு முட்டிக்கும் நடுவே வராவிட்டால், உட்கார்ந்து தூக்கும்போது முட்டியே பெட்டியை முன்னால் தள்ளிவிடும். தூரம் கூடும், முதுகின் சுமையும் கூடும். முட்டி மடங்குகிறதா என்பதைவிட, பெட்டி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த தூக்கல் சமன்பாட்டில், எல்லாம் ஒத்து வந்தாலும் வரம்பு 23 கிலோ. சுமை கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தூரத்தில், 75 செ.மீ. உயரத்தில், உடம்பு திரும்பாமல் இருக்கும்போது கிடைக்கும் எண் அது. தூரம் 50 செ.மீ. ஆனால் 11.5 கிலோவாகக் குறைகிறது. அதோடு 45 பாகை திரும்பியும் தூக்கினால் பத்துக் கிலோவுக்குக் கீழே போய்விடும். இறங்குதளத்தில் நடப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். படகிலிருந்து வாங்கி, திரும்பி, பின்னால் நிற்பவரிடம் கொடுப்பது. முக்கால் மீட்டர் உயரத்தில் ஒரு மேசை, பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி, திரும்புவதற்குப் பதில் கால் மாற்றி வைக்கும் பழக்கம், இவை மூன்றும் வலி மாத்திரையைவிட மலிவு.

வகுப்பில் செய்ய ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றிய வாளி ஒன்று போதும். ஒரு மாணவர் அதை வயிற்றோடு அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் அவருடைய இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இரு பக்கமும் கை வைத்துப் பார்க்கட்டும். பிறகு வாளியைக் கை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். கைக்கடியில் தசை கல்லாகும். எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது மூச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிக் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்குகிறார்கள். உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் அவர்களுடைய மக்கள். முங்குவதற்கு முன் வேகமாகப் பல முறை மூச்சை இழுத்து விட்டால் கூடுதல் நேரம் கீழே இருக்கலாம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். இருக்கவும் முடியும். ஆபத்தே அதில்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிறைந்துதான் இருக்கிறது. வேக மூச்சால் அது கூடுவது மிகச் சொற்பம். குறைவது கார்பன் டை ஆக்சைடு. "மூச்சு விடு" என்று மூளையை முதலில் உந்துவதே அந்தக் கார்பன் டை ஆக்சைடுதான். அதைத் துரத்திவிட்டால் உந்துதல் தாமதமாகிறது, அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வருகிறது. மேலே வரும்போது நீரின் அழுத்தம் குறைவதால் நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் சட்டென்று இறங்கும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஆள் மேலே வந்துவிட்டது போலத் தெரியும், அந்த இடத்தில்தான் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு இது அதிகம் நடப்பதற்கும் இதுவே காரணம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விதிகள் சில. முங்கும் முன் சாதாரணமாக மூச்சு விட வேண்டும். கீழே இருந்த நேரத்தைப் போல் இரண்டு மடங்காவது மேலே ஓய்வு வேண்டும். ஒருவர் கீழே இருந்தால் ஒருவர் மேலே நின்று பார்க்க வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் முங்கக் கூடாது. சளி பிடித்திருந்தால் முங்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு. நடுக்காதின் காற்றுக்கு ஈடு செய்ய வழி இல்லாவிட்டால் ஓரிரு மீட்டரிலேயே வலி தொடங்கிவிடும், வலியை மீறிப் போனால் செவிப்பறை கிழியும். கம்ப்ரசர் குழாய் வைத்துச் சங்கு எடுப்பவர்களின் சிக்கல் வேறு. அழுத்தக் காற்றோடு நைட்ரஜனும் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் குமிழியாகி மூட்டு வலி, கால் மரத்துப்போதல், பக்கவாதம் வரை போகும். எண்ணெய் தேய்த்தால் இது போகாது. ஆக்சிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும் வேண்டும்.

இதற்கு வகுப்பில் ஒரு சோதனை உண்டு. மாணவரை உட்கார வைத்து மணிக்கட்டில் நாடியை எண்ணுங்கள். பிறகு ஒரு பேசினில் குளிர்ந்த தண்ணீர் வைத்து, மூச்சடக்கி முகத்தை இருபது விநாடி அமிழ்த்தச் சொல்லி, நண்பர் நாடியை எண்ணட்டும். பலருக்கு நாடி குறையும். முங்கும் விலங்குகளுக்கும் மனிதனுக்கும் பொதுவான அனிச்சைச் செயல் அது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்களை விட்டுவிடுங்கள். யார் அதிக நேரம் என்று போட்டி வைக்காதீர்கள். இதைக் கடலிலோ குளத்திலோ செய்து பார்க்கக் கூடாது என்பதை இரண்டு முறை சொல்லுங்கள்.

ஓட்டத்துக்கு வருவோம். உடல்தகுதி அளக்க எளிதான வழி 1968-இல் கென்னத் கூப்பர் தந்த 12 நிமிட ஓட்டம். ஓடிய மீட்டரிலிருந்து 504.9 கழித்து 44.73-ஆல் வகுத்தால், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் ஆக்சிஜனை அதிகபட்சம் பயன்படுத்த முடியும் என்பதன் மதிப்பீடு கிடைக்கும். 2400 மீட்டர் ஓடினால் 42.4. இதைக் கடற்கரை மணலில் நடத்தினால் எண் தப்பாக வரும். இளக்கமான மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. நடப்பதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். நல்ல உடல்தகுதி உள்ள பிள்ளைகூட மணலில் சுமாரானவன் என்று பதிவாகும். ஈர மணல் கெட்டியாக இருக்கிறதே என்று அதில் ஓடவிட்டால், கரையின் சரிவால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே ஓடும், இடுப்பும் முட்டியின் வெளிப்பக்கமும் வலிக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரே திசையில் ஓடவிட்டு அளப்பதும் வீண்.

ஆகவே பள்ளி மைதானம், காலை ஆறரை மணி, வட்டமான பாதை. டிராக் இல்லாவிட்டால் ஒரு சைக்கிள் போதும். டயரில் வால்வு இருக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 2.07 மீட்டர் வந்தால் 200 மீட்டருக்கு ஏறத்தாழ 97 சுற்று. டயரில் காற்று குறைந்தால் எண் மாறும், அன்றைக்கே அளந்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். ஓட்டம் முடிந்ததும் நாடியை ஐந்து விநாடிக்குள் எண்ணத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அது இறங்கிவிடும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும்போது ஒரு துடிப்புத் தவறினால் கணக்கில் நான்கு தவறும். 220-லிருந்து வயதைக் கழிக்கும் வாய்ப்பாடும் தோராயம்தான். 16 வயதுக்கு அது 204 என்கிறது. 2001-இல் வந்த 208-லிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கும் வாய்ப்பாடு 197 என்கிறது. இரண்டையும் போடச் சொல்லிவிட்டு, எது சரி என்று கேளுங்கள். ஓர் ஆளுக்கு எதுவும் சரியாக இல்லாமல் போகலாம் என்ற பதிலுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

உச்சிப்புளி, மண்டபம் பக்கத்துப் பையன்களில் பலர் கடலோரக் காவல்படையின் நாவிக் (மாலுமி) தேர்வுக்கு ஓடுகிறார்கள். 1.6 கி.மீ. தூரத்தை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், 20 முறை உட்கார்ந்து எழுந்திருத்தல், 10 தண்டால். ஓட்டத்தில் விழுபவர்களில் பலர் திறமை இல்லாமல் விழுவதில்லை, முதல் சுற்றை 80 விநாடியில் ஓடிவிட்டு விழுகிறார்கள். ஏழு நிமிடம் என்றால் 400 மீட்டருக்கு 105 விநாடி. முதல் சுற்றும் 105-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் 400 மீட்டர் நான்கு முறை, ஒவ்வொன்றும் 100 விநாடியில், நடுவே இரண்டு நிமிட நடை என்று பழக்குங்கள். மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும்.

கபடிக்கோ இதே பயிற்சி பொருந்தாது. ரெய்டு 30 விநாடிதான். முதல் பத்து விநாடிக்குத் தசையில் சேமித்த பாஸ்பேட்டும், அதன் பிறகு ஆக்சிஜனுக்குக் காத்திராத சர்க்கரைச் சிதைவுமே பெரும்பங்கு சக்தியைத் தருகின்றன. 1966-இல் மிகிர் சென் இலங்கையிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியபோது வேலை செய்தது முற்றிலும் வேறு அமைப்பு, அது மணிக்கணக்கில் ஆக்சிஜனை நம்பி ஓடுவது. கபடி அணியைத் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடவிடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. 20 விநாடி முழு வேகம், 80 விநாடி ஓய்வு என்று ஆறு முதல் எட்டு முறை செய்தால் ரெய்டருக்கு அது பயன்படும்.

வியர்வையைப் பற்றிச் சுருக்கமாக. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், வியர்வை ஊறிய சட்டையைக் கழற்றிவிட்டு. ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. 60 கிலோ பிள்ளைக்கு 1.2 கிலோ குறைந்தாலே ஆட்டம் தளரும். நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கொடுப்பதற்கு இணையாகக் கடையில் எதுவும் இல்லை என்பது எங்கள் கருத்து. பதநீர் நல்லதுதான், ஆனால் அதில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கும் மேல். ஆட்டத்தின் நடுவில் அப்படியே குடித்தால் வயிற்றில் தேங்கும், சமஅளவு தண்ணீர் கலந்து கொடுங்கள்.

இன்னொன்று. 600 மீட்டரில் மூச்சு வாங்கி நின்றுவிடும் பெண்பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டும் முன் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ஆக்சிஜனைச் சுமக்க ஆள் இல்லை, எவ்வளவு பழகினாலும் ஓட்டம் வராது. வாராந்திர இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர் முன்னிலையில் விழுங்க வைப்பதும் உடற்கல்விதான். அதேபோல, எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்பது வெறும் பேச்சு. மேற்பார்வை இல்லாமல், முறை தெரியாமல், யார் அதிகம் தூக்குகிறார் என்று போட்டி போடும்போதுதான் பிள்ளைகள் அடிபடுகிறார்கள்.

இனி வேலை. இங்கே இனிப்பாகப் பேச விரும்பவில்லை.

உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமென்றால் எந்தப் பட்டப் படிப்புக்குப் பிறகும் இரண்டு ஆண்டு பி.பி.எட். என்ற உடற்கல்வி ஆசிரியர் படிப்பு; அல்லது பிளஸ் டூ முடித்ததும் பி.பி.இ.எஸ். என்ற உடற்கல்விப் பட்டப் படிப்பில் சேர்ந்து, பிறகு பி.பி.எட். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் ஆக மேற்படிப்பான எம்.பி.எட்.டும், கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும். நமக்குப் பக்கத்தில் காரைக்குடியில் அழகப்பா உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-இல் தொடங்கியது. சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில், 2005-இல் தொடங்கிய தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது; விளையாட்டு அறிவியலில் மேற்படிப்பும் அங்கே பார்க்கலாம். அரசுப் பணியிடங்கள் வருடா வருடம் வருவதில்லை. தனியார் பள்ளிச் சம்பளம் தொடக்கத்தில் குறைவு. இதைச் சேரும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பிசியோதெரபி உள்ளிருப்புப் பயிற்சியோடு நான்கரை முதல் ஐந்து ஆண்டு. பக்கவாதம், எலும்பு முறிவு, முட்டி மாற்று அறுவைக்குப் பின் நடக்க வைப்பதுதான் அதில் பெரும்பங்கு. கிரிக்கெட் வீரருக்கு டேப் ஒட்டுவது மிகச் சிறு பங்கு. ஆனால் வேலை நம் மாவட்டத்திலேயே கிடைக்கக் கூடியது. செயற்கைக் கால், தாங்கிகள் செய்யும் படிப்பை இந்தப் பக்கம் யாரும் கேட்பதே இல்லை, கையால் வேலை செய்யப் பிடித்த பிள்ளைக்கு மிகவும் பொருந்தும். தொழில்வழிச் சிகிச்சையும் (ஆக்குபேஷனல் தெரபி) அப்படியே.

உடலியங்கியல் வல்லுநர், உயிர் இயக்கவியல் வல்லுநர், ஆட்டப் பகுப்பாய்வாளர் ஆகிய பணியிடங்கள் இந்திய விளையாட்டு ஆணையத்திலும் அகாடமிகளிலும் தனியார் அணிகளிலும் உண்டு. எண்ணிக்கை குறைவு, பெரும்பாலும் ஒப்பந்த வேலை, ஊரைவிட்டுப் போக வேண்டும். பயிற்றுநராக விரும்புவோருக்குப் பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமா பெரிய மதிப்பு. ஜிம் பயிற்சியாளர் வேலை சீக்கிரம் கிடைக்கும். ஆனால் சனி ஞாயிறில் சான்றிதழ் தரும் இடங்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். அவற்றில் சில, பாடம் முடிவதற்குள் புரோட்டீன் பவுடர் ஏஜென்சியையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடும்.

பணிச்சூழலியல் இங்கே இன்னும் ஆள் இல்லாத துறை. லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு, படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட இதய நோய் அதிகம் என்று ஜெர்ரி மாரிஸ் 1953-இல் காட்டினார். உடலுழைப்பையும் நோயையும் சேர்த்து ஆராயும் வேலை அங்கிருந்துதான் பெருகியது. கரைவலை இழுப்பவரின் தோளையும், 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் பாசி கட்டும் பெண்ணின் முதுகையும் அதே கண்ணோடு அளந்து பார்க்க ஆள் வேண்டும். உள்ளூர்ப் பிள்ளை செய்தால் நன்றாகச் செய்யும், என்ன கேட்க வேண்டும் என்பது அதற்குத் தெரியும்.

எந்தப் படிப்பானாலும் பணம் கட்டும் முன் அங்கீகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பி.பி.எட்.டுக்கு ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமமான என்.சி.டி.இ., செயற்கை உறுப்புப் படிப்புக்கு மறுவாழ்வுக் குழுமமான ஆர்.சி.ஐ., பிசியோதெரபிக்குப் பல்கலைக்கழக இணைப்பும் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையத்தின் விதிகளும். சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அந்தந்த ஆண்டின் அறிவிப்பையே நம்ப வேண்டும்.

நாங்கள் கேட்பவை பெரிய செலவில்லை. ஒரு ஸ்டாப்வாட்ச், 30 மீட்டர் டேப், எடை பார்க்கும் இயந்திரம், வாளி, ஒரு நோட்டு. இயற்பியல், உயிரியல் ஆசிரியர்களும் உடற்கல்வி ஆசிரியரும் மாதத்தில் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்து, எந்த வாரம் எது என்று பேசிக்கொண்டால் போதும்.

ஒரே ஓர் அவசரம் இருக்கிறது. பிசியோதெரபிக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்து வணிகவியல் பிரிவில் சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு அந்தக் கதவு அப்போதே மூடிவிடுகிறது. பிளஸ் டூ முடிவு வந்த பிறகு வழிகாட்டிக் கூட்டம் நடத்திப் பயனில்லை. பி.பி.இ.எஸ்.ஸுக்கு எந்தப் பிரிவும் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கும் அவர்களுடைய அம்மா அப்பாவுக்கும், பதினோராம் வகுப்புச் சேர்க்கைப் படிவம் கைக்கு வரும் முன்பே, பொதுத் தேர்வுக்கு முந்தைய பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துக் கூட்டம் வைத்தால் அப்பாக்களும் வருவார்கள்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரையில் உடற்கல்வி, பிசியோதெரபி, பயிற்சி உடலியங்கியல் துறைகளில் பணியாற்றுவோர்